கிர்க்மேர்ன் சபையின் ஈய வில்லைகள்

கரண்டியிலிருந்து ஈயம் கல்லச்சுக்குள் இறங்கியது. கை நடுங்கினால் ஓரம் பிசிறிவிடும். எல்ஸ்பெத்தின் கைகள் நிதானமாக ஊற்றின. ஆறும்வரை பொறுத்து, அச்சைப் பிரித்து, கட்டைவிரல் நகம் அளவு வில்லையை மேசையில் தட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்தன. பிறகு அடுத்தது.

கிர்க்மேர்ன் ஊரில், தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மேசையில் உட்கார அந்த வில்லை வேண்டும். சபையின் மூப்பர் வீடு வீடாக வந்து விசாரித்துத்தான் கொடுப்பார். சபை மலைச்சரிவில் ஒளிந்து ஆராதனை செய்த காலத்தில், அரசனின் ஒற்றர்களை வெளியே நிறுத்துவதற்காக முதன்முதலில் அவற்றை வார்த்தவர்கள் எல்ஸ்பெத்தின் கணவன் வீட்டு முன்னோர். ஒவ்வொரு புதுப் போதகர் வரும்போதும் பழையவற்றை உருக்கிப் புதிதாக வார்ப்பார்கள். போதகர்கள் மாறினார்கள், ஈயம் அதே ஈயம். கணவன் இறந்தபின் கரண்டி எல்ஸ்பெத்தின் கைக்கு வந்தது.

இந்த முறை வந்த போதகரைச் சபை தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபு அனுப்பிவைத்தார். அவர் பதவியேற்ற அன்று பதினேழு பேர் எழுந்து வெளியேறினார்கள். முன்னால் நடந்தவள் எல்ஸ்பெத்தின் மகள் கிரிசெல். எல்ஸ்பெத் எழவில்லை, மடியிலிருந்த கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மூப்பர் லோரிமர் பழைய வில்லைப் பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நூற்றறுபது இருந்தன. புதிதாக நூற்று நாற்பத்து மூன்று போதும் என்றார். ஊரில் யாரும் சாகவில்லையே என்று அவள் கேட்டாள்.

"செத்தாத்தான் குறையணுமா, எல்ஸ்பெத்? உன் மக நடக்கிறதுல கெட்டிக்காரி. இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்."

வில்லை கிடைக்காதவர்களின் பெயர்கள் பிரபுவின் காரியஸ்தரிடம் போகும் என்பது ஊரறிந்த சங்கதி. குத்தகை முடியும் நவம்பர்த் தவணை நாளோடு அவர்களுக்குக் குடியிருப்பு இல்லை. கிரிசெல் அப்போது நிறைமாதமாக இருப்பாள். அவளுக்கு ஒரு வில்லை தரும்படி எல்ஸ்பெத் மன்றாடினாள்.

"உன்னோடது இருக்கில்ல, அதைக் காப்பாத்திக்க," என்றார் லோரிமர். "வில்லை இல்லாதவங்கள வீட்டுல சேத்தா அதுவும் போயிடும்."

மகளிடம் போய், போதகரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கிரிசெல் அடுப்பைக் கிளறியபடியே பேசினாள்.

"கேக்க மாட்டேம்மா. உன் வாசலுக்கும் வர மாட்டேன், பயப்படாத."

அந்தக் கடைசி வார்த்தையோடு எல்ஸ்பெத் வீடு திரும்பினாள். வழியில் காரியஸ்தரின் ஆட்கள் கிரிசெலின் வேலியருகே நின்று கூரையை அளந்துகொண்டிருந்தார்கள். தவணைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

சனிக்கிழமை காலை லோரிமர் வந்தார். வில்லைகளை மேசையில் பரப்பிப் பத்துப் பத்தாக ஒதுக்கினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒதுக்கினார்.

"ஒண்ணு குறையுது."

"குறையல, மூப்பரே. என்னோடத நான் வார்க்கல. என் வீட்டுக்கு ஆளுங்க வராங்க."

லோரிமர் நிமிர்ந்து அவளுடைய கூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எல்ஸ்பெத் வில்லைகளை அள்ளிப் பையில் போட்டு, அதன் வாயைச் சுருக்கி முடிச்சிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.