தவராணியின் மகளுக்கு நல்ல காலம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் கௌசலாதேவி இருக்கிறாள். கல்யாணப் புரோக்கர். சாதகமும் பார்ப்பாள். ஊருக்கு அவள் கௌசி அக்கா. சித்திரை பிறக்கப் போகிறதென்றால் அவள் வீட்டு வாசலில் செருப்புக் கழற்ற இடமிராது. லண்டன் விசா கிடைக்குமா, ஃபிளாட் வாங்கலாமா, மகனுக்கு இந்த வருஷமாவது சரிவருமா என்று கேட்டு, வரப்போகிற வருஷத்தை மாதம் மாதமாகப் பிரித்துக்கொண்டு போவார்கள்.

அத்தனை பேரை மணவறையில் ஏற்றிய கௌசிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணத்துக்கு ஒரு பெயர் இருந்தது. தவராணி.

கௌசிக்கு இருபத்தைந்து வயதில் சந்திரகுமார் என்ற எஞ்சினியரைப் பேசினார்கள். பம்பலப்பிட்டிப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தவராணி அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கு" என்றாள். பொருத்தமும் நன்றாக இருந்தது. நாள் பார்க்கிற நேரத்தில் கனடாவிலிருந்து இன்னொரு பெண்ணின் சாதகம் வந்தது. சந்திரகுமாருக்குக் கனடா கிடைத்தது. அதை அப்படியே சொல்லியிருந்தால் கௌசி இரண்டு நாள் அழுதுவிட்டு எழும்பியிருப்பாள். ஆனால் தவராணி தன் வீட்டுக்குப் பழி வராமல் வேறு கதை கட்டினாள்.

"அந்தப் பெட்டை பூசம் இல்லை, ஆயிலியம். பிறந்த நேரத்தை மாத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கினம்."

ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று நம்புகிற சனம் அது. கதை சந்தைக்குப் போனது, கோயில் வீதிக்குப் போனது, கல்யாண வீடுகளில் பந்தி பந்தியாகப் பரவியது. அதன்பிறகு கௌசியைப் பார்க்க வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது அவள் பிறந்த நேரத்தைத்தான். அவளுடைய அம்மாவும் வருகிற ஒவ்வொருவருக்கும் தன் பிள்ளைப்பேற்றைக் கதையாகச் சொல்லுவாள். எப்போது வலி எடுத்தது, நேர்ஸ் என்ன சொன்னாள், சுவர் மணிக்கூட்டில் முள் எங்கே நின்றது. முன்பின் தெரியாத ஆண்களுக்கு முன்னாலும் சொல்லுவாள். கௌசி தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். அம்மா அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு நாள் கண்ணை மூடினாள்.

செத்த வீட்டுக் காரியங்கள் முடிந்ததும் கௌசி தெஹிவளையில் ஒருவரிடம் காசு கட்டிச் சோதிடம் படிக்கப் போனாள். முதலில் கணித்தது தன்னுடைய சாதகத்தை. பூசம். ஒரு சந்தேகமும் இல்லாத பூசம். அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுகை வரவில்லை. தவராணி எங்கே இருப்பாள் என்று மட்டும் நினைத்தாள்.

தவராணி தானாகவே வந்தாள். பதினெட்டு வருஷம் கழித்து, பெற்றோலுக்கு எல்லாரும் வரிசையில் நின்ற வருஷம். தலை வெளுத்து, முழங்கால் வருத்தத்தோடு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"கடைசி மகள் சாமினி. பாங்கிலை வேலை. முப்பத்தொண்டு முடிஞ்சுது பிள்ளை. ஆரோ சொல்லிச்சினம், கௌசி பாத்தாப் பிழை வராது எண்டு."

குரலைக் கேட்டதுமே கௌசிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தவராணியோ அவளைக் கண்ணுக்குக் கண் பார்த்துக் கதைத்தாள். அவள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று கௌசி நினைத்தாள்.

சாதகத்தை விரித்தாள். சிம்ம ராசி. நல்ல சாதகம், எவரும் ஆசைப்படுகிற சாதகம். கௌசி அதை மெதுவாக மடித்தாள்.

"இந்த வருஷம் குரு எட்டிலை அன்ரி. அவசரப்பட்டா அறுந்துபோம். வாற சித்திரைக்குப் பாப்பம்."

பொய் சொல்லவில்லை. குரு எட்டில்தான் நின்றது. எந்தச் சாதகத்திலும் எந்த வருஷத்திலும் ஒரு கிரகம் எங்காவது குத்திக்கொண்டுதான் இருக்கும், எதைச் சொல்லுவது எதை விடுவது என்பதுதான் தொழில். அடுத்த சித்திரைக்குக் குரு ஒன்பதுக்கு வந்து அமோகமாக இருந்தது. அதைச் சொல்லாமல், ஏழாம் இடத்தில் இருந்த சனியைச் சொன்னாள். "கலியாண இடத்திலேயே சனி குந்தியிருக்கிறார்." அதற்கடுத்த வருஷம் குரு பத்தில். அதற்கடுத்த வருஷம் அட்டமத்துச் சனி. அந்தச் சொல்லைக் கேட்டதும் தவராணி நெஞ்சில் கையை வைத்தாள். இடையில் மட்டக்களப்பிலிருந்து ஒரு டொக்டர், சிட்னியிலிருந்து ஒரு கணக்காளர் என்று வந்த இடங்களெல்லாம் கௌசியின் மேசையோடு நின்றுபோயின.

ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் கௌசி தனியே இருந்து போன வருஷத்தைத் திருப்பிப் பார்ப்பாள், தன் வருஷத்தை அல்ல, தவராணியின் வருஷத்தை. கல்யாண வீடுகளில் அவளிடம் "மகளுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யோசிப்பாள். அது அவளுக்கு இனிப்பாக இருந்தது. பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து அடுத்த வருஷத்துக்கான காரணத்தைத் தேடுவாள்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சாமினி தனியாக வந்தாள். கையில் ஒரு கேக் பெட்டி.

"அக்கா, தாங்ஸ் சொல்ல வந்தனான்."

"எதுக்கு?"

"நீங்கள் அம்மாட்ட ஒருக்காலும் ஓம் சொல்லேல்லை. சொல்லியிருந்தா என்னை ஆருக்கோ கட்டி வைச்சிருப்பா." அவள் குரலைத் தணித்தாள். "எனக்கு ஒராள் இருக்கிறார். றெஜி. கொட்டாஞ்சேனை. துறைமுகத்திலை வேலை. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவர். அவற்ற தங்கச்சியின்ர கலியாணம் முடியுமட்டும் நாங்கள் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். அது போன மாசம் முடிஞ்சுது. உங்களுக்கு என்ர குறிப்பிலை தெரிஞ்சிருக்கும், அதுதான் மறிச்சனீங்கள் எண்டு நினைச்சன்."

கௌசிக்கு முகம் எரிந்தது. நான்கு வருஷமாகத் தான் கட்டிய சுவருக்குப் பின்னால் இந்தப் பெண் நிழலில் உட்கார்ந்து சந்தோஷமாக இருந்திருக்கிறாள். கேக் பெட்டியைத் தூக்கி யன்னலால் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தாள். குரு சிம்மத்துக்குப் பதினொன்றில் நின்றது. வைகாசியில் மாறிவிடும்.

"வைகாசிக்குள்ள கலியாணத்தை எழுதிப்போடுங்கோ," என்றாள். "அம்மாட்ட இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். அவவோட நான் கதைக்கிறன்."

சாமினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கௌசி கையை மெல்ல எடுத்தாள்.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் தவராணி வந்தபோது, கௌசி சனியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அன்ரி, வந்திட்டுது. குரு பதினொண்டிலை. வைகாசி முடியமுன்னம் உங்கட மகளுக்குக் கலியாணம். நடக்காட்டி நான் இந்தத் தொழிலை விட்டிடுவன்."

"மாப்பிள்ளை?"

"தானா வருவார். நீங்கள் சொந்தத்துக்குச் சொல்லி வையுங்கோ. மண்டபத்தையும் பாருங்கோ."

தவராணியின் கண் கலங்கியது. போகிற வழியிலேயே மூன்று பேருக்குப் போன் எடுத்தாள். கனடாவில் சந்திரகுமார் கல்யாணத்துக்கு வர விமான ரிக்கற் போட்டான். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

வைகாசி பிறந்த முதல் கிழமையில் சாமினியும் றெஜியும் பதிவாளர் முன்னால் கல்யாணம் எழுதினார்கள். அன்றைக்கு மாலையே, சாமினி தாயின் காலில் விழுந்து சொன்னாள். சொந்தக்காரரெல்லாம் மாப்பிள்ளை யார் என்று கேட்டுப் போன் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்த நாள் தவராணி மூன்று மாடியும் ஏறி வந்தாள்.

"நீ சொன்ன நல்ல காலம் இதுதானோ?"

"கலியாணம் நடக்கும் எண்டு சொன்னனான். நடந்தது."

"ஒரு வேதக்காரப் பெடியனோட!"

"ஆரோட எண்டு நீங்கள் கேக்கேல்லையே அன்ரி." கௌசி கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு நேரே வந்து நின்றாள். இந்த வார்த்தைகளை அவள் இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருந்தாள். "என்னை ஆரெண்டு தெரியுதோ?"

"கௌசி."

"அதுக்கு முதல்? பிள்ளையார் கோயில். ஆயிலியம்."

தவராணி அவளைப் பார்த்தாள். முதன்முறையாக உண்மையிலேயே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. யோசித்தாள்.

"நீ… சந்திரனுக்குப் பேசின பிள்ளையோ? அவனுக்குப் பத்துப் பதினைஞ்சு இடம் பாத்தனாங்கள். எல்லாரையும் ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது?"

மறுப்பாள், கத்துவாள், அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் கௌசி தயாராக இருந்தாள். இதற்குத் தயாராக இருக்கவில்லை. இவள் நடிக்கவில்லை. இத்தனை வருஷமும் நடிக்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் துவைத்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்து, அதை மறந்தும் போயிருக்கிறாள்.

"இருங்கோ," என்றாள் கௌசி. "இருந்து கேட்டிட்டுப் போங்கோ."

தவராணியின் முழங்காலும் நிற்க விடவில்லை. இருந்தாள். கௌசி முதலிலிருந்து சொன்னாள். பூசம், ஆயிலியம், சந்தை, வந்தவர்கள், போனவர்கள். அம்மா அந்நிய மனிதருக்கு முன்னால் சொன்ன பிள்ளைப்பேற்றுக் கதையை, நேர்ஸின் வார்த்தை வரைக்கும், ஒன்றும் விடாமல் சொன்னாள். தவராணி நடுவில் ஒருதடவை எழும்பப் பார்த்தாள். "இன்னும் முடியேல்லை," என்றாள் கௌசி. குரு எட்டிலிருந்து அட்டமத்துச் சனி வரைக்கும் தான் எதைச் சொன்னாள், எதை மறைத்தாள் என்பதையும் வருஷம் வருஷமாகச் சொன்னாள்.

தவராணியின் வாய் கோணியது. "அதுக்காகவோ என்ர பிள்ளையின்ர வருஷங்களைத் திண்டனீ?"

"ஓம்."

தவராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிற சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டது. கௌசி உதவிக்குப் போகவில்லை. அந்த இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

கதை வெள்ளவத்தையில் பரவாமல் இருக்குமா? சிலர் தங்கள் பிள்ளைகளின் சாதகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். புதிதாகச் சிலர் வந்தார்கள். தவராணியால் வாயடிபட்ட வேறு வீடுகளும் ஊரில் இருந்தன.

ஒரு கிழமை கழித்துச் சாமினியிடமிருந்து போன் வந்தது. பின்னால் கொட்டாஞ்சேனைத் தெருவின் பஸ் சத்தம்.

"அம்மா சொன்னவ. நான் நம்பேல்லை. உண்மையோ அக்கா?"

"உண்மை."

"நான் உங்களுக்குக் கேக் கொண்டுவந்து தாங்ஸ் சொன்னனான்." சாமினி மூச்சு எடுத்தாள். "ஒண்டு கேக்கிறன். எனக்கு றெஜி இல்லாட்டி? நான் உங்களை மாதிரித் தனிய இருந்திருந்தா? அப்பவும் இப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்திருப்பீங்களோ?"

கௌசி யோசித்தாள். பொய் சொல்ல இடமிருந்தது. தொழிலில் பழகிய மாதிரி, பாதியைச் சொல்லிப் பாதியை விடவும் இடமிருந்தது.

"ஓம் பிள்ளை," என்றாள். "அப்பவும் இப்பிடித்தான்."

சாமினி போனை வைத்துவிட்டாள். வாசல் மணி அடித்தது. கௌசி எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள்.