நிதி மந்திரியைக் கேட்க வேண்டும்

நகரத்தின் நடுவே, சர்ரி ஹில்ஸில், நோலீன் குடியிருந்த தெருவின் மூலையில் ஒரு காலத்தில் சட்டை தைக்கும் ஆலை இருந்தது. மூன்றாவது மாடியில், ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் இருபத்திரண்டு வருடம் காலர் தைத்தாள். இப்போது அந்த மாடியில் ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். அவளுடைய மெஷின் இருந்த இடத்தில் வெள்ளைக் குளியல் தொட்டி ஒன்று கிடப்பது கீழே பஸ் நிறுத்தத்திலிருந்தே தெரியும். ஆலை போயிற்று, ரொட்டிக் கடை போயிற்று, செருப்பு ரிப்பேர் செய்தவரும் போய்விட்டார். நோலீன் போகவில்லை.

பழைய வீடு ஒன்றின் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும் அவளுக்கு. முன்பக்க பால்கனியை எந்தக் காலத்திலோ கண்ணாடிப் பட்டைகள் வைத்து அடைத்து அறையாக்கியிருந்தார்கள். கீழே காபிக் கடை. காலையில் அங்கே ஒரு தட்டு ரொட்டியும் முட்டையும் விற்கிற விலையில் அவள் நாலு நாள் சாப்பிடுவாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை பென்ஷன் வரும். வருவதில் பெரும்பகுதி வாடகைக்கே போகும். வீட்டுக்காரக் கிழவர் இருந்தவரை சும்மா இருந்தார். அவர் மகன் வீட்டை ஏஜென்ட் கையில் கொடுத்த பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம் வர ஆரம்பித்தது. ரொம்ப மரியாதையான கடிதம். வாடகை ஏறும் என்பது மூன்றாவது வரியில் இருக்கும்.

"நகரத்துக்கு மேற்கே எங்கயாவது போயிடேன் நோலி, பாதி வாடகைக்கு வீடு கிடைக்கும்" என்று சொல்லாத ஆள் இல்லை. அங்கே டாக்டரிடம் போக ஒரு பஸ், பால் வாங்க ஒரு பஸ். இங்கே இலவசக் கிளினிக்கும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற நூலகமும், சனிக்கிழமை கடை கட்டும் நேரத்தில் காய்கறியைக் கால் விலைக்குத் தள்ளிவிடும் சந்தையும் அவள் கால் போகிற தூரத்தில் இருந்தன. அவளிடம் மிச்சமிருந்த சொத்து அந்தக் கால் இரண்டும்தான். ஊரை விட்டுப் போனால் அதுவும் செல்லாது.

எழுபத்தொன்றாவது வயதில் வந்த கடிதத்தை அவளால் சமாளிக்க முடியவில்லை. அந்த வாரம்தான் மெர்வ் தங்கியிருந்த விடுதியை விற்றார்கள்.

மெர்வ் நாற்பது வருடம் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கிய ஆள். அந்தப் பக்கத்தில் அவன் பியானோ தூக்கி ஏறாத மாடிப்படி இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். இரண்டு தெரு தள்ளி இருந்த விடுதியில் ஒற்றை அறை அவனுக்கு. வெள்ளிக்கிழமை பப்பில் பச்சை இறைச்சித் தட்டு ஒன்றைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்குவார்கள். எப்படியோ மாதத்துக்கு ஒரு முறையாவது அது மெர்வுக்கு விழுந்துவிடும். அவன் அறையில் அடுப்பு கிடையாது. அதனால் தட்டைத் தூக்கிக்கொண்டு நோலீன் வீட்டுப் படியேறுவான். அவள் சமைப்பாள், இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். இது பதினோரு வருடப் பழக்கம். போன குளிர்காலத்தில் அவனுக்கு நிமோனியா வந்தபோது பன்னிரண்டு நாள் அவள்தான் சூப் எடுத்துக்கொண்டு அந்த விடுதிக்கு நடந்தாள். ஆனாலும் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதில்லை. பிடிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை என்று நோலீன் சொல்லமாட்டாள். அதைப் பற்றி அவள் எதுவுமே சொல்லமாட்டாள்.

"பால்கனி அறை சும்மாதானே கிடக்கு. பாதி வாடகை நீ குடு" என்றாள் அவள், கேத்தலைப் பார்த்துக்கொண்டே.

"ராத்திரி குறட்டை விடுவேன்."

"கதவு இருக்கில்ல."

அவ்வளவுதான் பேச்சு. அவன் ஒரு சூட்கேஸும், பியானோ கட்டுகிற பட்டையும், பழுப்பு நிற டேப் சுருள் ஆறும் கொண்டு வந்து சேர்ந்தான்.

விலாசம் மாறினால் பென்ஷன் ஆபீசில் சொல்ல வேண்டும். மெர்வ் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அதை ஒரு வெற்றிக் கதையாகச் சொன்னான்.

"அந்தப் பொண்ணு கேக்கறா, வாடகை, கரண்டு பில்லெல்லாம் எப்படிப் பிரிச்சுக்கறீங்கன்னு. எனக்கென்ன தெரியும்? அதெல்லாம் நிதி மந்திரியைத்தான் கேக்கணும்மான்னேன். அப்படிச் சிரிச்சா!"

நோலீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதை எழுதிக்கிட்டாளா?"

"கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டினா. நான் பேசறதையெல்லாம் எவ எழுதி வைக்கப்போறா?"

அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ஒரு ரவுண்டு கூடக் குடிக்கச் சொன்னால், நிதி மந்திரியைக் கேக்கணும். குதிரை மேல் பந்தயம் கட்டச் சொன்னாலும் அதே பதில். மனைவி உள்ளவன் மனைவியைச் சொல்வான். இல்லாதவன் கையில் கிடைத்த பெண்பிள்ளையைச் சொல்வான். மெர்வ் ஒரு காலத்தில் பப்பில் பீர் ஊற்றுகிற பெண்ணைக்கூட அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான். பென்ஷன் ஆபீஸ் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் தன் அப்பா யாரை அப்படிச் சொல்வார் என்று நினைத்துப் பார்த்திருப்பாள்.

ஐந்தாவது வாரம் நோலீன் பெயருக்குக் கடிதம் வந்தது. திரு. மெர்வின் டன்ஸ்டர் உங்களைத் தன் துணைவியாகக் குறிப்பிட்டதாகத் தெரிய வருகிறது. இணைத்துள்ள படிவத்தைப் பதினான்கு நாளுக்குள் நிரப்பி அனுப்பவும். தம்பதி என்று முடிவானால் இருவருடைய பென்ஷனும் தம்பதிக் கணக்கில் வழங்கப்படும்.

தம்பதிக் கணக்கு என்றால் ஆளுக்குக் குறையும். குறைந்தால் இரண்டு பேர் சேர்ந்தும் அந்த வாடகையைக் கட்ட முடியாது. மெர்வைப் போகச் சொன்னால் அவள் ஒருத்தியால் கட்ட முடியாது. நோலீன் கடிதத்தை மூன்று தடவை விரல் வைத்துப் படித்தாள். படிவத்தில் பென்சிலால் கொஞ்சம் எழுதிப் பார்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு பெரிலைப் பார்க்கப் போனாள்.

பெரில் அரசாங்கக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் இருப்பவள். படிவங்களைப் பார்த்துப் பார்த்துப் பழம் தின்று கொட்டை போட்டவள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி! எழுபத்தொரு வயசுல உனக்கு ஆம்பள கிடைச்சிட்டான்னு சர்க்காரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. பதினஞ்சு வருஷமா நான் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டுப் பிங்கோவுக்குப் போறேன், எனக்கு ஒரு கடுதாசி வரல."

நோலீனின் கழுத்து சிவந்தது. அவளுக்குக் கூச்சமானாலும், பொய் சொன்னாலும் கழுத்து சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"சரி சரி, நீ என்ன எழுதியிருக்க, காட்டு" என்றாள் பெரில். "யார் சமைக்கிறார்கள்... 'நாங்கள் ஞாயிற்றுக்கிழமை' ... ஐயோ. நாங்கன்னு எழுதினியா?"

"உண்மையைத்தானே எழுதினேன்."

"நாங்கன்னு ஒரு வார்த்தை வந்தா முடிஞ்சுது. நான்னு எழுது. அவன்னு எழுது. நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. துணி யார் துவைக்கறா? அவன் துணியை அவன். சாப்பாடு? தனித்தனி. உன்னை யாராவது அவன் சம்சாரம்னு நினைக்கறாங்களா? இல்லவே இல்ல. வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்க, ஃபிரிட்ஜத் தொறந்து பாப்பாங்க. தெரிஞ்சுக்க."

நோலீன் வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். தனித்தனியாகச் சாப்பிடுகிறோம் என்று எழுதிவிடலாம். ஆபீஸ் பெண் வந்து எதிரே உட்கார்ந்து கேட்டால் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே வழிதான் இருந்தது. எழுதப்போவதை முதலில் உண்மையாக்கிவிட வேண்டும்.

மெர்வ் முதலில் இதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். தன் பழுப்பு டேப்பைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் நீளமாக ஒட்டினான். "இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. பாஸ்போர்ட் இல்லாம என் வெண்ணெயைத் தொட்டா சுட்டுடுவேன்." அலமாரியில் இரண்டு சர்க்கரை டப்பா, இரண்டு டீத்தூள், இரண்டு உப்பு.

"ரெண்டு உப்பு எதுக்கு நோலி? அவ வர்ற அன்னைக்கு மட்டும் வெச்சாப் போதாதா?"

"போதாது. இன்னையிலேர்ந்து நான் அஞ்சரைக்குச் சாப்பிடறேன். நீ ஆறரைக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பொய்யி எனக்கு வராது."

அவன் டேப் சுருளை மேஜையில் வைத்துவிட்டு, "மந்திரி சொன்னா சரி" என்றான்.

"அந்த வார்த்தைய இனிமே இந்த வீட்டுல சொல்லாத. அதனாலதான் இவ்வளவும்."

மெர்வ் ஆறரைக்கு வந்து தன் சட்டியில் தன் சாசேஜைப் பொரித்து, தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வெள்ளிக்கிழமை சீட்டில் இறைச்சித் தட்டு விழுந்தது. அதை பப்பில் இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டான் என்று பெரில் சொல்லித்தான் நோலீனுக்குத் தெரியும்.

படிவம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கெய்லா என்கிற பெண் வந்தாள். நல்ல பெண். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே, "எப்படி இருக்கீங்க நோலீன்?" என்று சிரித்தாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றாள். மெர்வ் எழுந்து பால்கனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவு வெறும் பலகை. அவன் இருமினால் இங்கே கேட்கும்.

கெய்லா ஃபிரிட்ஜைத் திறந்து டேப்பைப் பார்த்தாள். இரண்டு உப்பைப் பார்த்தாள். குளியலறையில் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கேள்விகளை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் நோலீன் உண்மையைச் சொன்னாள். சேர்ந்து சாப்பிடுவதில்லை. சேர்ந்து வெளியே போவதில்லை. மூன்று வாரமாக அதெல்லாம் உண்மைதான்.

"இது கடைசி. அவருக்கு உடம்பு முடியாமப் போச்சுன்னா நீங்க பாத்துப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு மூன்று வாரத்தில் எதையும் மாற்றி வைத்திருக்க முடியாது. நோலீனுக்கு அந்த விடுதியின் படிகள் ஞாபகம் வந்தன. நாற்பத்தொரு படி. சூப் தூக்குவாளியோடு.

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுவேன்."

"அதுக்கப்புறம்? கூடப் போவீங்களா?"

பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டில் முனகுவதுகூட நின்றிருந்தது.

"மாட்டேன்" என்றாள் நோலீன். "அவன் எனக்கு யாரு? பாதி வாடகை குடுக்கறவன். தெருவுல எவனாவது விழுந்து கிடந்தாலும் ஆம்புலன்ஸுக்குச் சொல்வேன்."

சொல்லிவிட்டுக் கழுத்தில் சூடு ஏறுமென்று காத்திருந்தாள். ஏறவில்லை. கெய்லா எழுதிக்கொண்டாள்.

அடுத்து மெர்வின் முறை. நோலீன் கீழே போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். பத்து நிமிஷத்தில் கெய்லா இறங்கி வந்துவிட்டாள். "உங்க ஃப்ளாட்மேட் ரொம்பப் பேசமாட்டார் போலிருக்கே" என்று சொல்லி, கை அசைத்துவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கவர்கள் வந்தன, ஆளுக்கொன்று. இருவரும் தனியாள் கணக்கிலேயே நீடிப்பார்கள். வீடு தங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நோலீன் சந்தைக்குப் போய், கடை கட்டும் வரை நின்று, ஆட்டுத் தொடைக்கறி கொஞ்சம் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு போட்டு ரோஸ்ட் பண்ணினாள். புதினா சாஸ் செய்தாள். மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பிக்கொண்டிருக்கும்போது மெர்வ் உள்ளே வந்தான்.

"அது இருக்கட்டும் நோலீன்" என்றான். "மறுபடி வந்து பாத்தாலும் பாப்பாங்க."

பதினோரு வருடத்தில் அவன் அவளை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இன்னைக்கு ஒரு நாள்தானே. உக்காரு, ஆறிடும்."

"நான் பப்லயே சாப்பிட்டுட்டேன்."

அவன் சாப்பிட்டிருக்கவில்லை. ஆறரை மணிக்கு எழுந்து வந்து, தன் சட்டியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினான். அவள் தன் அறையில் உட்கார்ந்து எண்ணெய் பொரிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கறியை நாலு நாள் அவள் ஒருத்தியே தின்றாள்.

அடுத்த மாதம் ஏஜென்டிடமிருந்து ஒரு பையன் வந்தான். வீட்டைச் சோதனை பார்க்க நாள் குறிக்க வேண்டும். மெர்வ்தான் கதவைத் திறந்தான். நோலீன் அடுப்பில் பட்டாணியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தா உங்களுக்குச் சரிப்படுமா சார்?" என்று பையன் கேட்டான்.

நோலீனின் கரண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கு மெர்விடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. சொல்லக் கூடாது என்று அவள் தடுத்திருந்த வார்த்தைதான். அவன் அதைச் சொன்னால் திட்டுவதா சிரிப்பதா என்றுகூட அவள் யோசித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றான் மெர்வ். "வீடு அவங்க பேர்ல இருக்கு. அவங்களைக் கேளுங்க."

அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நோலீன் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வியாழக்கிழமை வரலாம் என்றாள்.