நெஞ்சுக்கு நேரே ஒரு முடிச்சு

வைரக்கண்ணு தஞ்சாவூரில் மரம் கழிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த கடைசிப் பதினெட்டு வருஷத்தில், மேலே ஏறிய ஒருவனைக்கூடக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக நேரவில்லை. அந்தப் பதினெட்டு வருஷக் கணக்கு எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அவர் வேறு மாதிரி மேஸ்திரி.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பண்ணை வேலை பார்த்த குடும்பம் அவருடையது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருஷம் அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் இறங்கினார்கள். இவர் வீட்டு அரிவாள் கூரையிலேயே செருகிக் கிடந்தது. ஆட்சி மாறியது, சட்டம் வந்தது, குடியிருந்த மனை அவர்களுக்கே ஆயிற்று. வேலை மட்டும் திரும்பி வரவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிட்டார். கம்பி மேல் சாய்ந்த கிளை, ஓட்டைத் தொடும் கிளை, ரோட்டை மறைக்கும் கிளை என்று டவுனில் கழிக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் அவருக்குக் கீழே ஏழு பேர் சேர்ந்தார்கள்.

அந்த ஏழு பேரில் ஏறுகிற எவனும் இடுப்பில் கயிறு கட்டியதில்லை. கட்டுவது கேவலம் என்று ஒரு பேச்சு. போன கார்த்திகையில் புயல் அடித்து ஓய்ந்த மறுவாரம், திருவையாற்றுச் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, அவர்களில் ஒருவரான பஞ்சநதம், “மேஸ்திரி, மரம் பூரா ஈரமா இருக்கு, ஒரு கயிறு குடுங்களேன்” என்று கேட்டார்.

“என்னடா, தூளி கட்டித் தாலாட்டவா?” என்று வைரக்கண்ணு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சநதமும் சிரித்துக்கொண்டே ஏறினார். கால் மணி நேரத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது ஊன்றுகோலோடு சினிமாக் கொட்டகை வாசலில் கடலை விற்கிறார். அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் வைரக்கண்ணு சுற்று வழியில் போவார்.

ஆனி கடைசியில் ஒரு வடக்கயிறு வாங்கி வந்தார். “இனிமே கயிறு கட்டாம எவனும் ஏறக் கூடாது” என்றார். கயிற்றை மேலே உறுதியான கவையில் போட்டு, ஒரு நுனி ஏறுகிறவன் இடுப்பில். மறு நுனியை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் முடிச்சு இருந்தால் அரிவாள் வீச இடைஞ்சல் என்று எண்ணி, காத்தானை மரத்தோடு ஒட்டி நிற்க வைத்து, முதுகுப் பக்கம் போய் அவரே இறுக்கி முடிந்தார்.

காத்தானுக்கு இருபத்தாறு வயது. அவனைப் போல ஏற அந்த டவுனில் ஆள் இல்லை. முடிச்சு இறுகியதும் அவன் கை முதுகுப் பக்கம் போய் அதைத் துழாவியது. இடுப்பு அரிவாளை உருவிக் கயிற்றை ஒரே அறுப்பில் அறுத்தான்.

“கட்டித்தான் ஏறணும்னா ஆளை விடுங்க மேஸ்திரி. நான் வரல.”

“ஏண்டா, உசிரு பெருசா ரோசம் பெருசா?”

அவன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தான். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். காத்தானே கட்டவில்லை, நமக்கென்ன என்று அவர்களும் கயிற்றைத் தொடவில்லை. ஆடி பதினெட்டு கழிந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில் புயலில் வெடித்த கிளையை இறக்க வேண்டும். காத்தான் கட்டாமல் ஏறினால் அன்றைக்கு இன்னொரு பஞ்சநதம் விழுவான் என்று வைரக்கண்ணுவுக்குத் தோன்றியது. 

கழித்த கிளைகளை இழுத்துக் கட்டுப்போடும் வேலை செவ்வந்திக்கு. காத்தானின் பெண்சாதி. கட்டுக்கு மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்:

“அது ரோசம் இல்லண்ணே. அவங்க அப்பாவைப் பண்ணையில தென்னை மரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க, கூலி கேட்டதுக்கு. இவருக்கு அப்ப பன்னெண்டு வயசு. எல்லாரும் போன பெறகு ஓடிப்போயி அவுத்திருக்காரு. முடிச்சு முதுகுப் பக்கம். எம்புட்டு நேரம் நகத்தால பிச்சாலும் வரலையாம். இன்னைக்கும் தூக்கத்துல விரலைப் பிசையுறாரு.”

 தன் ஊரிலும் அப்படி ஒரு மரம் இருந்தது வைரக்கண்ணுவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவனை மரத்தோடு நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் போய், தன் கையால் முடிந்திருக்கிறார்.

மறுநாள் நாகூருக்கு பஸ் ஏறினார். அங்கே தோணிகளுக்குக் கயிறும் பாயும் விற்கும் அஹமது கபீரின் கடை; வடக்கயிறு வாங்கியதும் அங்கேதான்.

“பாய், கட்டிக்கிட்டவனே அவுக்குற மாதிரி முடிச்சு உண்டா? ஆள் பாரம் தாங்கணும்.”

“அவுக்க முடியாத முடிச்சை எவன் மேஸ்திரி போடுவான், மாட்டுக்காரனைத் தவிர?” கபீர் எழுந்து, கயிற்றைத் தம் பெரிய வயிற்றைச் சுற்றி வளைத்து, ஒரு கண்ணி போட்டு, நுனியை அதற்குள் விட்டு, பின்னால் சுற்றித் திரும்ப அதே வழியில் இறக்கினார். “பாய்மரத்துல ஏறுறவங்க போடுறது. இழுங்க. நல்லா இழுங்க, நான் என்ன உங்க மாமனாரா?”

வைரக்கண்ணு தொங்காத குறையாக இழுத்தார். கண்ணி சுருங்கவில்லை. பாரத்தை விட்டதும் கபீர் முடிச்சின் முதுகைக் கட்டைவிரலால் நெம்பினார்; அவிழ்ந்தது. பகல் முழுக்க அந்தக் கடைத் தூணில் வைரக்கண்ணு அதையே போட்டுப் போட்டு அவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை தப்பில்லாமல் வந்த பிறகுதான் கிளம்பினார்.

வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து மரத்தடியில் யாரையும் கட்டச் சொல்லவில்லை. தாமே இடுப்பில் சுற்றி, நெஞ்சுக்கு நேரே முடிச்சைப் போட்டு, தாழ்ந்த கிளையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக் காட்டினார்.

“மேஸ்திரிக்குத் தூளிடா!” என்று ஒருவன் கத்தினான்.

“ஆமாண்டா, தூளிதான். பஞ்சநதம் கேட்டு நான் குடுக்காத தூளி” என்றார் வைரக்கண்ணு. சிரிப்பு நின்றது.

இறங்கி, எல்லோர் கண்ணெதிரிலும் தாமே அவிழ்த்து, நுனியைக் காத்தானிடம் நீட்டினார். “நீயே போடு. நீயே அவுக்கணும். வேற எவன் கையும் அதுல படக் கூடாது, என் கையும்தான். கண்ணால மட்டும் ஒருத்தர் பாத்துச் சொல்லணும், சரியா இருக்கான்னு.”

காத்தான் கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்தான். பிறகு சுற்றினான். முதல் தடவை தப்பிற்று. இரண்டாவது தடவை வந்தது. அவிழ்த்துப் பார்த்தான், திரும்பப் போட்டான். வைரக்கண்ணுவைப் பார்க்காமல் செவ்வந்தி பக்கம் திரும்பினான். “பாரு” என்றான்.

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். “சரியா இருக்கு. ஏறு.”

வெடித்த கிளை முக்கால்வாசி அறுந்ததும், எதிர்பார்த்த பக்கம் சாயாமல் பட்டையோடு உரிந்து, காத்தான் காலூன்றியிருந்த கிளையை அடித்துக்கொண்டு இறங்கியது. கால் போயிற்று. செவ்வந்தி கத்தினாள். வைரக்கண்ணுவின் கையில் வடம் விறைத்து உள்ளங்கையைக் கிழித்தது. அடிமரத்துச் சுற்று பிடித்துக்கொண்டது. இலையும் தூசியும் அடங்கும் மட்டும் எதுவும் தெரியவில்லை.

“யோவ் மேஸ்திரி! வேடிக்கையா பாக்குற? மெள்ள விடுய்யா கயித்தை!”

கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த காத்தான் அத்தனை வருஷத்தில் அவரை ‘யோவ்’ என்றது அதுதான் முதல் தடவை. அவருக்கு அதைக் கேட்கத் தித்தித்தது. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே முழம் முழமாகக் கயிற்றை விட்டார்.

தரையில் கால் பட்டதும் எல்லோரும் ஓடினார்கள். வைரக்கண்ணுவின் கை தன்னாலே முடிச்சுக்குப் போயிற்று. நினைவு வந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “தள்ளி நில்லுங்கடா” என்றார்.

 காத்தானின் விரல் முடிச்சில் ஒரு தடவை வழுக்கியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கட்டைவிரலால் நெம்பினான், முடிச்சு அவிழ்ந்து கயிறு காலடியில் விழுந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, அடுத்து ஏற வேண்டியவனிடம் நீட்டி, “நீ போடு, நான் பாக்குறேன்” என்றான்.

அன்று சாயங்காலம் வைரக்கண்ணு சுற்று வழியில் போகவில்லை. கொட்டகை வாசலில் பஞ்சநதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காயம் பட்ட உள்ளங்கையைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார். பஞ்சநதம் ஊன்றுகோலை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.

“தூளி நல்லா ஆடிச்சா மேஸ்திரி?” என்றார். பிறகு ஒரு பொட்டலம் கடலையை மடித்து, அந்தக் கையிலேயே வைத்தார்.