காப்பித்தூள் பாட்டிலும் சூப்பர்வைசர் போட்ட ரப்பர் விரிப்பும்

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எல்லோரும் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் அவள் கையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். வாய் எப்படியும் நடுவில் வந்துவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது.

அவளும் நானும் ஒரே பிளாஸ்டிக் கவர் கம்பெனியில் வேலை பார்த்தோம். பெரிய சுருளிலிருந்து மெல்லிய தாள் சரசரவென்று இறங்கி வரும். மிஷின் அதைச் சூடு வைத்து ஒட்டி, வெட்டி, கவராகத் தள்ளும். அவள் மிஷின் பக்கத்தில் நின்று கவர்களை அள்ளி அடுக்குவாள். நான் அடுத்த மேசையில் நூறு நூறாகக் கட்டுவேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் நூறு ஒருநாளும் தொண்ணூற்றொன்பது ஆனதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, இதையும் எழுது.

மழை ஓய்ந்து காற்று காய்ந்துபோன ஒரு மாதத்தில் அவளுக்குச் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. கவரோடு திரும்பும்போது முழங்கை மிஷின் இரும்பில் பட்டால் போதும், "ஆ!" என்று துள்ளுவாள். அடுக்கு கீழே விழுந்து தரையெல்லாம் கவர்.

சூப்பர்வைசர் வந்து இரும்பைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்தார். அதுவும் எரியவில்லை.

"வேலை செய்யக் கள்ளத்தனம். இதுக்கு ஒரு பொய் வேற" என்றார் சூப்பர்வைசர். அன்றிலிருந்து அவளைத் தொட்டாச்சிணுங்கி என்றுதான் கூப்பிட்டார்.

"இந்த விரிப்பு வந்த பிறகுதான் சார் அடிக்குது" என்றாள் இவள்.

சொல்லியிருக்கக் கூடாது. நாள் முழுக்க நிற்கிற எங்களுக்குக் கால் வலிக்கிறது என்று அவரே மேலே பேசி வாங்கிப் போட்ட ரப்பர் விரிப்பு அது. அதன்மேல் அவருக்கு அத்தனை பெருமை. செருப்புக் காலோடு மிதித்தால் கத்துவார். அழுக்காகிவிடும் என்று அவரே அதில் கால் வைக்கமாட்டார்.

"நல்லது செஞ்சா இப்படித்தான்! இன்னும் ஒரு தடவை கீழ போட்டே, நேரா வேஸ்ட் ரூம்தான்."

வேஸ்ட் ரூம் என்றால் கிழிந்த கவரைத் தரம் பிரிக்கிற அறை. சம்பளம் குறையாது. ஆனால் தனியாக உட்கார வேண்டும், பேச ஆள் கிடையாது. என் நாத்தனாருக்கு அதற்குப் பதில் சோறு போடாமல் விடலாம்.

அவள் எட்டாவது வரை படித்தவள். வகுப்பில் பார்த்தது ஏதோ ஞாபகம் வந்து, வீட்டுக்கு வந்ததும் என் காப்பித்தூள் பாட்டிலைக் காலி செய்தாள். பிளாஸ்டிக் மூடியில் துளை போட்டு, தோல் உரித்த செம்புக் கம்பியைச் செருகினாள். கம்பியின் கீழ் நுனியைக் கொக்கியாக வளைத்து, சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாளில் இரண்டு சின்னக் கீற்று வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போலப் பாட்டிலுக்குள் தொங்கவிட்டாள். அவ்வளவுதான் கருவி.

"என்னம்மா, பாட்டிலுக்கு மீசை வைக்கிறியா?" என்றார் அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர்.

அவள் பிளாஸ்டிக் சீப்பால் தலையைப் பரபரவென்று சீவி, அதைக் கம்பியிடம் கொண்டுபோனாள். கீற்று இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றன! "இதே மாதிரிதான் அண்ணா, கவர் உரசி உரசி என் உடம்புல மின்சாரம் ஏறுது, ரப்பர் அதைத் தரையில இறங்க விடமாட்டேங்குது" என்றாள்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் அவள் விரிப்பில் நின்று கொஞ்ச நேரம் கவர் அடுக்கிவிட்டுக் கம்பியைத் தொட்டாள். கீற்று அசையவில்லை. சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பில் மிஷின் சத்தமே கேட்கவில்லை.

"நாளையிலிருந்து வேஸ்ட் ரூம். அந்தப் பாட்டிலையும் எடுத்துட்டுப் போ, பேச்சுத் துணைக்கு."

அவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இதைக் கழுவினீங்களா?"

"பின்னே? நாலு பேர் முன்னாடி காப்பி வாசனையோடவா வைப்பாங்க? மூடியையும் சேர்த்துத்தான் கழுவினேன்."

"ஈரம் இருந்தா கம்பியில ஏறுற மின்சாரமெல்லாம் வழியிலேயே இறங்கிடும் அண்ணி! அப்புறம் கீற்று எப்படி விரியும்?"

சுத்தமாக வைத்தது தப்பு என்று நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சுற்றுச்சுவர் மேல் வெயிலில் பாட்டிலை வைத்து, நானே காவல் உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அவள் சூப்பர்வைசரிடம் போனாள். குரலில் தேன்.

"சார், நாளைக்கு என் இடத்துக்கு வேற ஆள் வரப்போறாங்க. அடுக்கைக் கீழ போடாம எப்படி எடுக்கணும்னு ஒரு தடவை நீங்களே செஞ்சு காட்டுங்க. உங்க கை மாதிரி வருமா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு முதல்முறையாகத் தன் விரிப்பில் ஏறினார். கவரை அள்ளி அள்ளி அடுக்கினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே அடுக்கினார். நான் பாட்டிலை நீட்டினேன்.

"இந்தக் கம்பியைக் கொஞ்சம் தொடுங்க சார்."

தொட்டார். கீற்று இரண்டும் படக்கென்று விரிந்தன.

"காத்துல ஆடுது" என்றார்.

"மூடியிருக்கிற பாட்டிலுக்குள்ள காத்து எந்த வழியா சார் வந்தது?" என்றாள் நாத்தனார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாக அள்ளினார். அந்த வீராப்பில் அவர் முழங்கை இரும்பில் பட்டது.

"அய்யோ அம்மா!"

இருநூறு கவர் தரையில். நான் எண்ணவில்லை, ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அவரே எட்டி மிஷினை நிறுத்தினார். முழங்கையைத் தடவிக்கொண்டு விரிப்பை விட்டு இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் நின்றதில் எனக்கு விலாவே வலித்தது.

வேஸ்ட் ரூம் பேச்சு அதோடு போயிற்று. ஆனால் இவள் நகரவில்லை, இடுப்பில் கை வைத்தபடி அவர் எதிரிலேயே நின்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "சரி... நீ சொன்னது பொய் இல்லை."

"காது கேக்கலை சார். மிஷின் சத்தம்."

"மிஷினைத்தான் நிறுத்தியாச்சே!"

"அப்படியா? அப்ப இன்னொரு தடவை சொல்லுங்க, கேக்குதான்னு பாக்கறேன்."

சொன்னார். வாசலில் வண்டிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது.