ஜூனியர் என்றொரு சொல்

ஆர்டிஸ் வாட்லியின் தலையில் மண்ணைப் போட்டவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் ஊரில், இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்ட வீரர்களின் வம்சத்துப் பெண்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பதிவாளர் நான், லோயிஸ். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு என்று தாள் காட்ட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் நாற்பது வருஷம் பீன்ஸ் வேகவைத்தவள். புருஷன் போய்விட்டான். ஒரே மகன் பனியில் வண்டி சறுக்கிச் செத்தான். மிஞ்சியது, பழைய கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கும் போர்வீரர் ஏசா வாட்லிதான். முப்பது வருஷமாக அவர் கல்லைச் சுற்றிப் புல் வெட்டுகிறாள், மே மாதம் போர்வீரர் நினைவு நாளுக்குக் கொடி நடுகிறாள், 'தாத்தா' என்று கூப்பிட்டுப் பேசவும் செய்கிறாள். செத்தால் தன்னைப் புதைக்கப் பக்கத்து இடத்தை வாங்கியும் வைத்திருந்தாள்.

அந்தக் கல்லில் இந்த ஜூன் மாதம் வெண்கலத் தகடு பதிக்கச் சங்கம் முடிவு செய்தது. தகட்டை மூடிய துணியை விலக்கித் திறந்துவைப்பது அவருடைய வம்சத்தில் வந்த உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும். அதற்காகவே ஆர்டிஸ் விண்ணப்பித்தாள். ஏசா வாட்லி ஜூனியர் வரைக்கும் அவள் தாள்கள் கல் மாதிரி உறுதி. அவனைப் போர்வீரரோடு சேர்க்க இருந்தது பழைய ஊர் வரிப் புத்தகம் மட்டும்: ஏசா வாட்லி சீனியர், ஏசா வாட்லி ஜூனியர், அடுத்தடுத்த வரியில்.

"ஜூனியர்னா மகன்தானடி?" என்றாள்.

"பின்ன, மாமனாரா?" என்று சிரித்தேன். என் நாக்கில் கொள்ளி வைக்க!

போர்வீரர் ஓய்வூதியம் கேட்டு எழுதிய மனுவின் நகல் அடுத்த வாரம் வந்தது. நீதிபதி முன்னால் சத்தியம் செய்து சொல்லியிருந்தார்: எனக்கு ஆண்பிள்ளை பிறக்கவில்லை, மூன்றும் பெண்கள். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவனை சீனியர், இளையவனை ஜூனியர் என்று எழுதிவிடுவார்கள். சொந்தமே இருக்க வேண்டியதில்லை. இருபது வருஷப் பதிவாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆர்டிஸ் அந்த மனுவை இரண்டு தரம் படித்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"லோயிஸ், இந்த ஒரு தாளை நீ பாக்கலன்னு வெச்சுக்கோயேன்."

"பாத்துட்டேனேடி."

"யாருக்குடி நஷ்டம்? அந்த மனுஷனுக்கா? முப்பது வருஷத்துல வேற எவ வந்து எட்டிப் பாத்தா?"

"பொய்யில கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"எனக்குன்னு ஒருத்தர விட்டு வையின்னு சொல்றேன்." அவள் பிடி இறுகியது. "அவரும் இல்லன்னா நான் யாருடி?"

நான் கையெழுத்துப் போடவில்லை. சரியாகத்தான் செய்தேன். அதற்காக என்னை இன்றுவரை வெறுக்கிறேன்.

போர்வீரரின் மூன்று பெண்களில் ஒருத்தியின் வழியில் ஓஹையோவில் ஒரு அம்மாள் கிடைத்தாள். அவளுடைய தாள்கள் எல்லாம் சரி. ஜூன் மாதம் வந்தாள், துணியை விலக்கினாள், போட்டோவுக்கு நின்றாள். கல்லறையைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க! யாரு பாத்துக்கறாங்க?"

கல்சுவருக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்தபடி ஆர்டிஸ் நின்றிருந்தாள். எங்கள் தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"நீங்களா? நீங்களும் எங்க சொந்தமா?" என்று அந்த அம்மாள் ஆசையாகக் கேட்டாள்.

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். பதிவாளரின் தீர்ப்பைக் கேட்பது போலப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா," என்றாள் அவள். "நான் புல்லு வெட்டுறவ."

கூட்டம் கலைந்ததும் உள்ளே வந்து அவரைச் சுற்றி வழக்கம்போலச் சீராக வெட்டினாள். பக்கத்தில் தான் வாங்கி வைத்திருந்த இடத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டுப் போனாள்.