வெள்ளையன் வராத படம்

செம்மலை மாமா கதை படிக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் பக்கத்தின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்வார். ஒரு வரி படித்து முடித்த பிறகுதான் துண்டை அடுத்த வரிக்கு இறக்குவார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், நான் பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் ஊர் திரும்பிய வருஷம் வரை, அவர் வேறு விதமாகப் படித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணு முந்திப் போயிரும் மாப்ள. நடக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா, மாட்டுக்கு முன்னால வண்டி போன மாதிரியில்ல?"

மாமா என் அம்மாவின் தம்பி. காரைக்குடி ரயிலடியில் ஒற்றை மாட்டு வண்டி ஓட்டினார். ரங்கூனிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொத்தமங்கலம், கீழச்சிவல்பட்டி என்று போய்வருவார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கொத்தமங்கலத்தில் ஓர் ஆச்சி வீட்டை ஒழித்தபோது பழைய மாதப் பத்திரிகைக் கட்டு ஒன்றை "எரிக்கிறதுக்கு ஆகும், கொண்டு போ" என்று கொடுத்தார்கள். மாமா எரிக்கவில்லை. அதில்தான் 'சந்திர மண்டலக் கப்பல்' தொடர்கதையாக வந்திருந்தது.

காலேஜில் படிக்கும் நாளில் நானும் அதைப் படித்தேன். ஆகாயத்தில் கப்பல் விடும் கதை. விஞ்ஞானம் பாதி, புளுகு பாதி. மாமாவுக்குக் கப்பல் முக்கியமில்லை. அந்தக் கப்பலில் வெள்ளையன் என்று ஒரு சமையல்காரன் போகிறான். சந்திரனிலிருந்து கிளம்பும் வேளையில் தொட்டியில் காற்று குறைந்துவிடுகிறது. ஐந்து பேரில் நாலு பேர்தான் பிழைக்க முடியும். எஞ்சினியரும் ஜமீன்தாரும் சீட்டுப் போடலாமா என்று வாதாடிக்கொண்டிருக்கையில் வெள்ளையன் வெளியே இறங்கிக் கதவைச் சாத்திவிடுகிறான். கப்பல் எழும்பிய பின் சோற்று அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, மேலே நிலவைப் போல் தெரியும் பூமியைப் பார்க்கிறான். முகக் கவசத்துக்குள் அவனுக்குக் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. கதை அதோடு முடிகிறது.

"அவனை யாரும் இறங்குன்னு சொல்லலை, பாத்தியா" என்பார் மாமா. "நம்மாளு ஒருத்தன் தன் காரியத்தைத் தானே தீர்மானிச்சு நான் படிச்சது இந்த ஒரு எடத்துலதான்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் அந்தக் கதையைப் பேசும் படமாக எடுக்கப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதன்பின் மாமாவின் பேச்சு முழுக்க அதுவாகிவிட்டது. டாக்கிக் கொட்டகைக்கு வரும் பிலிம் பெட்டிகளை ரயிலடியிலிருந்து கொண்டுபோகும் வாடகை அவருடையது. வாராவாரம் பெட்டியை இறக்கும்போது "இதுவா?" என்று கேட்பார். இல்லை என்றால் மற்ற வண்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவர்களில் உடையப்பன் வாய் சும்மா இருக்காது.

"ஏப்பா செம்மலை, சந்திரனுக்கு உன் வண்டியில எவ்வளவு கேப்ப?"

"போறதுக்கு ஓசி. திரும்பி வரணும்னாத்தான் காசு."

"உன் மாடு மானகிரி தாண்டாதே அப்பா."

"உன்னை ஏத்தினா தாண்டாது."

கேலி பேசிய உடையப்பனே, கப்பலை எப்படித் தூக்குவார்கள் என்று தனியாக வந்து கேட்பார். கம்பி கட்டித் தூக்குவார்கள் என்பது மாமாவின் கட்சி. கம்பி தெரிந்துவிடுமே என்பது உடையப்பனின் கவலை. இருவரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்க அதைப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். மதுரையில் என்னோடு படித்தவர்கள் எதற்கும் இவ்வளவு நேரம் மனம் கொடுத்து நான் கண்டதில்லை. நான் கொடுத்திருக்கிறேனா என்பதும் தெரியவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. கம்பெனியில் பணமில்லை என்றார்கள். படம் நின்றுவிட்டது என்றார்கள். அந்த ஆடியில் மாமா பிள்ளையார்பட்டிக்குச் சவாரி கொண்டுபோனார். சோலையம்மாள் அத்தையும் கூடப் போனாள். சன்னதியில் நின்று அவள் காதுபட மாமா வேண்டிக்கொண்டார்: "இந்தப் படம் நல்லபடியா வந்து நான் கண்ணால பாத்துட்டா, ஒரு சாக்குத் தேங்காய் விடலை போடுறேன்." சாமி முன்னால் உடைத்துச் சிதறடிப்பதற்கு ஒரு சாக்குக் காய் என்பது அவர் வருமானத்துக்குப் பெரிய சொல்தான். அத்தை மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளை வேணும்னு வேண்டிக்கொள்ளாத மனுஷன் படத்துக்கு வேண்டிக்கொண்டாரே என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாளாம்.

முப்பத்தாறு தை மாதம் படம் வந்தது. பெட்டியை மாமாவே கொட்டகைக்குக் கொண்டுபோனார். பெட்டி அதிரக்கூடாதென்று அடியில் வைக்கோல் பரப்பி, மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதல் ஆட்டத்துக்கு மாமா, அத்தை, நான் மூவரும் போனோம்.

படத்தில் ஆகாயக் கப்பல் புஷ்பக விமானமாகியிருந்தது. எஞ்சினியர் ஒரு ராஜகுமாரன். சந்திர மண்டலத்தில் சந்திர பகவான் தம் மனைவிகள் புடைசூழ உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். வெள்ளையன் என்ற பெயரே இல்லை. ஒரு சமையல்காரன் இருந்தான். லட்டைத் திருடித் தின்று அடிவாங்கினான். கடைசியில் எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பி மங்களம் பாடினார்கள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கதை இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். மாமா படம் முடிந்தும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தை ஆரம்பித்தாள். "படந்தான் வந்துருச்சே. எப்பப் போறீக?"

"எங்க?"

"பிள்ளையார்பட்டிக்கு."

"நான் வேண்டிக்கிட்டது இந்தப் படம் இல்ல, சோலை."

"அதே பேருதான? கண்ணால பாத்தீகள்ல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்து வந்த மாதங்களில் தேங்காய் வாங்கவும் இல்லை. ரயிலடியில் அவரைக் கேலி செய்யவும் யாருக்கும் மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில் மாமாவுக்கு மார்ச்சளி கட்டியது. காய்ச்சல் இறங்கவேயில்லை. சொன்ன சொல்லைச் செலுத்தாததால் வந்த வினை என்று அத்தை நம்பினாள். தன் காதுத் தண்டட்டியை அடகுவைத்து ஒரு சாக்குத் தேங்காய் வாங்கிச் சுவரோரம் நிறுத்தினாள். அவர் வாயால் சரி என்றால் போதும், உடையப்பன் வண்டியில் அவளே கொண்டுபோய் உடைத்துவிடுவாள்.

"நீ படிச்சவன். நீ சொன்னாக் கேப்பாரு. உசுரு நிக்கணும்ப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு இந்த வேண்டுதல்களில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. இல்லை என்றால் உடைக்கச் சொல்வதில் நஷ்டமில்லை. உண்டு என்றாலும் உடைக்கத்தான் வேண்டும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு பாயருகே உட்கார்ந்தேன்.

"மாமா, பிள்ளையார் என்ன, டாக்கியா பாக்குறாரு? படம் வந்துச்சு, தேங்காய் போட்டாச்சு. அவ்வளவுதானே. அத்தைக்காகச் சரின்னு சொல்லுங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவருக்கு வெவரம் தெரியாதுன்னா, எதுக்கு அவருகிட்டப் போய்க் கேட்டேன்?"

இன்னொரு மூச்சு வாங்கி அவரே சொன்னார்: "வராததை வந்துச்சுன்னு அவரு முன்னால நிக்கச் சொல்ற. மாட்டேன் மாப்ள." அத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மாமா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். போனவர் வைத்த நேர்த்திக்கடனைப் பின்னால் இருப்பவர்கள் தீர்க்க வேண்டும். மகன் இல்லாததால் மருமகன் நான்தான். சாக்கு சுவரோரம் நின்றது. நான் போய் உடைத்தால் அவர் மாட்டேன் என்றதைச் செய்தவனாவேன். உடைக்காவிட்டால் இவள் எஞ்சிய நாளெல்லாம் பயந்துகொண்டே இருப்பாள். எது சரி என்று தெரியாததால் பத்திரிகைக் கட்டை எடுத்துவந்து, கடைசி அத்தியாயத்தை அவளுக்கு வாசித்தேன்.

வெள்ளையன் இறங்கியபோது அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தியபோது "அட பாவி" என்றாள், மெதுவாக.

"அம்புட்டு நேரம் பாத்தோமே, இவன் வரவே இல்லையே."

"இல்லை அத்தை."

"இவன் வருவான்னுதான் உக்காந்திருந்தாரா?"

"ஆமா."

அவள் எழுந்துபோய் சாக்கின் வாயைப் பிரித்து ஒரு காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இப்பவே தண்ணி வத்திக்கிட்டு வருது. செக்குக்குக் கொடுத்துரு. அந்தப் படம் வார அன்னைக்குப் புதுசா வாங்கிக்கிருவோம்."

அப்படி ஒரு படத்தை இனி எவர் எடுப்பார் என்று நான் கேட்கவில்லை. இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பிலிம் பெட்டிகளை இப்போது உடையப்பன் கொண்டுபோகிறார்; பெட்டியை ஏற்றும்போது அவரும் என்ன படம் என்று கேட்டுக்கொள்கிறார். பிள்ளையார்பட்டியில் மாமா சொன்ன சொல் இன்னும் பாக்கி நிற்கிறது.