அண்ணன் கட்டிய லங்கோடு

அண்ணன் போன பிறகு அவனுடைய சட்டைகளையெல்லாம் அண்ணி யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவனுடைய சிவப்பு லங்கோடு ஒன்றைத்தான்.

அண்ணன் சில்வர் ஓக் மரம் லாரியில் ஏற்றுகிற கூட்டத்தில் இருந்தான். எங்கள் ஊர் தலைச்சோலையில் அவனைப் போலத் தோள் கொடுக்க ஆளில்லை என்பார்கள். அவனுக்குக் குடல் இறங்கியிருந்தது. இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்ததை எங்களுக்குக் காட்டாமல் லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் வாந்தி எடுத்து விழுந்தான். எஸ்டேட் ஜீப்பில் போட்டு சேலத்துக்கு இறக்கினோம். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அண்ணியிடம், "ஒன்னுமில்லம்மா, சரியாயிரும்" என்றார். மறுநாள் அண்ணனைத் துணியில் சுற்றி மலைக்கு ஏற்றினோம். அன்றிலிருந்து யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகும்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். காப்பித் தோட்டத்தில் கிளை கழிக்கும் கவாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணனுடைய இடத்தை எனக்குத் தருவதாகக் கூட்டத்து மேஸ்திரி சொன்னார். ஆனால் என் உடம்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்கண்ணன் எருமை. நீ கொத்தமல்லிக் கட்டாட்டம் இருக்கறே. தண்டால் எடு, பஸ்கி எடு, தை கழிஞ்சு வா."

கூடவே இன்னொன்றும் சொன்னார். "லங்கோடு கட்டாம பஸ்கி எடுத்துறாத சாமி. குடல் எறங்கிரும்."

எங்கள் பக்கம் பாரம் தூக்குகிறவர்கள் எல்லோரும் நம்புவது இது. மற்றவர்கள் இறுக்கிக் கட்டினார்கள் என்றால், அண்ணனைப் பறிகொடுத்த நான் மூச்சு முட்டக் கட்டினேன். விடிகிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் பனிக்குள் நின்று பஸ்கி எடுப்பேன். உட்கார்ந்து எழ எழத் தொடை இரண்டும் தீயாக எரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் மட்டும் அண்ணன் நினைப்பு வராது.

சில வாரங்களில் வலி வந்தது. அடிவயிற்றுக்கும் கீழே, உட்காரும் இடத்துக்கு உள்ளே, விரல் வைத்துக் காட்ட முடியாத ஓர் இடம். பஸ்கி எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. முடித்துவிட்டுக் கூழ் குடிக்க உட்கார்ந்தால் கூழாங்கல் மேல் உட்கார்ந்தது போல இருக்கும். மூத்திரம் விட்டு விட்டு வரும். பொழுது சாய்கிற வரைக்கும் வலி இருக்கும். மறுநாள் தணிந்ததே என்று மறுபடி பஸ்கி எடுத்தால் முந்தின நாளைவிட அதிகமாக வரும்.

அண்ணனுடைய வியாதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். புடைத்திருக்கிறதா என்று தினமும் காலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டு இருமிப் பார்ப்பேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. உள்ளே ஒளிந்திருக்கிறது என்று நினைத்து லங்கோட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவேன்.

ஒருநாள் ஏற்காட்டுக்குப் போய் ஒரு கம்பவுண்டரிடம் காட்டினேன். எந்த இடத்தில் வலி என்று சொன்னதுமே அவர் கதவைச் சாத்தினார்.

"டவுனுக்குப் போயிட்டு வந்தியா?"

"எந்த டவுனுங்க?"

"நடிக்காதடா. எந்தப் பொம்பளகிட்டப் போனே?"

நான் எங்கும் போகவில்லை என்று சத்தியம் செய்தேன். "எல்லாரும் இங்க வந்து இதத்தான் சொல்றானுங்க" என்று ஊசி போட்டு மஞ்சள் மாத்திரை கொடுத்தார். வலி அப்படியே இருந்தது. என் காதில் விழாமல் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாரோ என்ற பயம் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு டீக்கடையில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. மரம் ஏற்றுகிற ஒருவன் நேராகவே கேட்டான்: "என்னடா, முட்டையிடற கோழியாட்டம் நடக்கறே?"

அந்தச் சமயத்தில்தான் கூழ் கசக்க ஆரம்பித்தது. என் சட்டியில் மட்டும்தான் கசப்பு. அண்ணி சட்டியில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன், கசக்கவில்லை. எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. வீட்டில் நானும் அண்ணியும்தான். அண்ணன் இல்லாத வீட்டில் நான் அவருக்குப் பாரம்தானே என்று தோன்றியது. அப்புறம் கதவு இடுக்கு வழியாகப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு காலை, அண்ணி இடுப்பிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்து என் கூழில் தட்டுவதைக் கண்டேன்.

"என்னங்க அண்ணி அது?"

"உப்பு."

"உப்பு எப்ப இருந்துங்க சாம்பல் நெறத்துல வருது?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "நீ மொதல்ல சொல்லு. ஏன் ஒரு பக்கமாவே குந்தறே?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க."

"ஒன்னுமில்லயா? உங்கண்ணனும் இதே எடத்துல குந்திக்கிட்டு இதேதான் சொன்னாரு. ஊட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டு சளியே இல்லாம எதுக்குடா தெனமும் இருமறே?"

நான் கூழ்ச் சட்டியைத் தள்ளி வைத்தேன்.

"குப்பனூர்ல மருந்து குடுக்கறவர்கிட்ட வாங்கியாந்தேன். குடல் எறங்காம நிக்குமாம். சொன்னா நீ குடிக்க மாட்டே. நீதான் எதையும் சொல்ல மாட்டியே, நான் மட்டும் எதுக்குச் சொல்லோணும்?"

அன்றைக்கே சேலத்துக்குப் பஸ் ஏறினோம். அண்ணனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றேன். வேறொரு டாக்டரிடம் போனோம். வயதானவர். திரைக்குப் பின்னால் என்னை நிற்க வைத்து, கையை வைத்து அழுத்தி, "இருமு, இன்னும் பலமா" என்றார். படுக்க வைத்தும் பார்த்தார். பிறகு என் இடுப்பைச் சுற்றிக் கருத்துப்போயிருந்த தழும்பைத் தொட்டார்.

"இது என்ன?"

"லங்கோடுங்க."

"மாட்டக் கட்டுற மாதிரி கட்டியிருக்கே. குடலெல்லாம் எறங்கல. அடியில இருக்கற சதை சுருங்கிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. கைய நாள் முழுக்க முறுக்கி மூடியே வெச்சிருந்தா வலிக்குமா வலிக்காதா?"

"வலிக்குங்க."

"அதான். நீ பயந்து பயந்து இன்னும் முறுக்கறே. லங்கோட்ட விடு. பஸ்கிய விடு. நடக்கலாம். காலை மடக்கிப் படுத்து வயிறு நெறைய மூச்சு விடு, இடுப்பத் தளர விடு. அகலமான பாத்திரத்துல பொறுக்கற சூட்டுல தண்ணி ஊத்தி உக்காரு. உடனே போகாது. திரும்பத் திரும்ப வரும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும். மாசம் கழிச்சு வந்து காட்டு."

கூழில் கலந்த பொடியைப் பற்றி அண்ணி சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. அதைத் தூக்கி எறியச் சொன்னார்.

நான் நம்பவில்லை. சதை பிடித்ததற்கா இத்தனை மாத வலி? வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகும் அண்ணி மட்டும் உள்ளேயே நின்றார். கதவுக்கு அந்தப் பக்கம் மெதுவாகப் பேசுவது கேட்டது, என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. வந்தபோது அவர் முகம் சரியில்லை.

மலைமேல் ஏறுகிற பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் என் தோள் மேல் சாய்ந்தபோதெல்லாம் அவர் உடம்பு குலுங்குவது தெரிந்தது. எனக்கு உறுதியாகிவிட்டது. அண்ணன் விஷயத்தில் சொன்ன அதே பொய்யை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணிக்கு மட்டும் உண்மை தெரியும்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"உனக்குச் சொன்னதுதான்."

"பொய் சொல்லாதீங்க அண்ணி. எனக்கு எத்தன நாளுன்னு சொன்னாரு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"உன்னப் பத்திக் கேக்கல. புடைச்சப்பவே உங்கண்ணனக் கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாரான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஆபரேசன் பண்ணிக்கிட்டு எறங்கி நடந்தே போயிருப்பாருன்னு சொன்னாரு."



வீடு வந்ததும் லங்கோட்டை அண்ணி வாங்கிக்கொண்டார். வெந்நீர்ப் பானையை அடுப்பிலிருந்து இறக்க அதைத்தான் பிடிதுணியாக வைத்திருந்தார். மரம் ஏற்ற நான் போகவில்லை. கவாத்து வேலைக்கே திரும்பினேன். வலி டாக்டர் சொன்ன மாதிரியே நடந்துகொண்டது. விட்டது போல இருக்கும், கிளியூர்ப் பக்கம் ஏற்றத்தில் வேகமாக நடந்தால் திரும்ப வரும். படுத்து மூச்சு விடுவேன். இடுப்பைத் தளர விடுவது பஸ்கி எடுப்பதைவிடக் கடினமாக இருந்தது.

இருமிப் பார்ப்பதை மட்டும் வெகுநாள் விட முடியவில்லை. டாக்டர் பேச்சின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு காலை வீட்டுக்குப் பின்னால் நின்று இருமியபோது, உள்ளே அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

"தட்டுப்படுதா?"

"இல்லீங்க."

"வலி?"

ஒன்றுமில்லை என்ற சொல் வாய் வரை வந்தது.

"இருக்குதுங்க அண்ணி. இன்னிக்கு நொம்ப இருக்குது."

"வந்து உக்காரு, தண்ணி காஞ்சிருச்சு" என்றார்.